கதவடைப்பும் வேலைநிறுத்தமும்: என்.எஃப்.எல். வீரர்கள், முதலாளிகள் தகராறு பற்றிய கேள்வி பதில்

இங்கே கால்பந்து என்பது அமெரிக்கர்கள் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். 32 அணிகள் கொண்ட நேஷனல் ஃபுட்பால் லீக்கில், அதாவது என்.எஃப்.எல்.லில், வீரர் சங்கத்துக்கும் அணி முதலாளிகளுக்கும் நடந்த தகராறுகள் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: சார், கோடிகோடியா வாங்குறவங்களுக்கு எதுக்கு சங்கம்?

பதில்: கோடிகளில் புரள்பவர்கள் சிலர்தான். 53 பேர் கொண்ட அணியின் கடைசி வரிசையில் இருப்பவர் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓரிரு சீசன் ஆடிவிட்டு முழங்கால் வலியோடு வீடு திரும்புபவர். "5 ஆண்டு, 10 கோடி டாலர்" என்று செய்தி வந்தால் அந்த 10 கோடியைப் பார்க்காதீர்கள், உத்தரவாதத் தொகை எவ்வளவு என்று பாருங்கள். உத்தரவாதம் இல்லாத பகுதி வெறும் காகிதம். இரண்டாம் ஆண்டு முடிவில் அணி கழற்றிவிட்டால் மீதி 3 ஆண்டுச் சம்பளம் காற்றோடு போச்சு. வீரர் மட்டும் நடுவில் வேறு அணிக்குத் தாவ முடியாது. இந்த ஒருதலைப் பிடிதான் தகராறுகளுக்கெல்லாம் வேர். சங்கம் 1956-இல் தொடங்கியது. மறுவருடமே, ராடோவிச் வழக்கில், பேஸ்பாலுக்கு இருக்கும் ஏகபோகத் தடைச் சட்ட (போட்டி நிறுவனங்கள் கூடிப் பேசிச் சந்தையைக் கட்டுப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம்) விலக்கு கால்பந்துக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கேள்வி: வேலைநிறுத்தம், கதவடைப்பு இரண்டிலும் ஆட்டம் நிற்கிறது. அப்புறம் என்ன வித்தியாசம்?

பதில்: வீரர்கள் நிறுத்தினால் வேலைநிறுத்தம், முதலாளிகள் நிறுத்தினால் கதவடைப்பு. யார் நிறுத்துகிறார் என்பது மட்டுமல்ல, எந்த மாதம் நிறுத்துகிறார் என்பதும்தான். வீரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. 2011 வரையிலான வழக்கப்படி, செப்டம்பரில் சீசன் தொடங்கியபின் வாரத்துக்கு ஒன்றாக 17 காசோலை. ஆகவே முதலாளி மார்ச்சில் கதவைச் சாத்தினால் உடனே யாருக்கும் வாரச் சம்பளம் போகாது, போனஸ்கள் மட்டும் தடைபடும். நெருக்கடி ஆகஸ்டில்தான் முற்றும். வீரர்கள் செப்டம்பரில் வெளியேறினால் முதல் வாரமே அவர்கள் சட்டைப்பையில் கை விழும். மொத்தம் மூன்று நான்கு ஆண்டுதான் ஆடப்போகிறவனுக்கு ஒரு சீசன் என்பது வாழ்நாள் வருமானத்தில் கால் பங்கு. முதலாளிக்கோ அது முப்பது வருடத்தில் ஒன்று. நாட்காட்டியை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவர் பக்கம்தான் பேரம் சாயும்.

கேள்வி: 1982-இல் 57 நாள் நிறுத்தினார்களே, ஜெயித்தார்களா?

பதில்: பாதி. மொத்த வருமானத்தில் 55% வேண்டும் என்று கேட்டார்கள், கிடைக்கவில்லை. அனுபவ ஆண்டுக்கேற்ற குறைந்தபட்சச் சம்பளமும் ஆட்டத்தை விட்டுப் போகும்போது ஒரு பணிநிறைவுத் தொகையும் கிடைத்தன. 16 ஆட்ட சீசன் 9 ஆட்டமாகச் சுருங்கியது. முதலாளிகள் அதிலிருந்து ஒரு பாடம் படித்தார்கள்: அடுத்த முறை மைதானம் காலியாக இருக்கக் கூடாது.

கேள்வி: 1987-இல் கருங்காலிகளை வைத்தே ஆட்டம் நடத்தினார்களாமே? அது எப்படி முடிந்தது?

பதில்: கோரிக்கை, ஒப்பந்தம் முடிந்தவன் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை. சீசனில் இரண்டு வாரம் ஆடிவிட்டு செப்டம்பர் 22-இல் வெளியேறினார்கள். முதலாளிகள் ஒரே ஒரு வாரம் ஆட்டத்தை ரத்து செய்தார்கள். அதற்கடுத்த மூன்று வாரமும் சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமில் கழித்துவிடப்பட்டவர்களையும் வேறு வேலையில் இருந்த பழைய கல்லூரி வீரர்களையும் திரட்டி மாற்று அணிகள் ஆடின. தொலைக்காட்சி ஒளிபரப்பியது. முக்கியமாக, அந்த முடிவுகள் தரவரிசையில் சேர்ந்தன. அங்கேதான் போராட்டம் உடைந்தது. உன் அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது நீ வாசலில் அட்டை பிடித்து நிற்பதா?

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சுமார் 15% பேர், அதில் ஜோ மான்டானா, லாரன்ஸ் டெய்லர், டோனி டார்செட் போன்ற பெரிய பெயர்களும் உண்டு. அக்டோபர் 15, வியாழக்கிழமை, சங்கம் போராட்டத்தை முடித்துக்கொண்டது. "புதன்கிழமைக்குள் வந்தவருக்குத்தான் இந்த வாரம் ஆட்டமும் சம்பளமும்" என்று முதலாளிகள் கைவிரித்தார்கள். ஒருநாள் பிந்தியதற்காக இன்னொரு வாரச் சம்பளமும் போனது.

இதில் கவனிக்க வேண்டிய அணி வாஷிங்டன். அங்கே ஒருவர்கூடப் போராட்டத்தை உடைக்கவில்லை. அக்டோபர் 19 திங்கள் இரவு அவர்களுடைய மாற்று அணி, டார்செட் உள்ளிட்ட பழைய நட்சத்திரங்கள் திரும்பியிருந்த டல்லஸை 13-7 என்று அதன் சொந்த மைதானத்திலேயே வென்றது. அந்தச் சீசனில் வாஷிங்டன் சூப்பர் பௌலும், அதாவது லீக்கின் இறுதிப் போட்டியும் வென்றது. மாற்று வீரர்களுக்கு வெற்றி மோதிரம் கிடைத்தது 2018-இல்.

அவர்களைக் கருங்காலி என்று கோபத்தில் சொல்லலாம். சட்டப்படி, பொருளாதாரக் கோரிக்கைக்கான வேலைநிறுத்தத்தின்போது மாற்று ஆள் எடுக்க அமெரிக்க முதலாளிக்கு உரிமை உண்டு. அதைக் கணக்கில் எடுக்காமல் களம் இறங்கியது சங்கத்தின் தப்புக் கணக்கு என்றுதான் சொல்வேன்.

கேள்வி: சங்கம் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது என்று படித்தேன். தோல்வியை ஒப்புக்கொண்டதா?

பதில்: நேர் எதிர். அதுதான் அவர்கள் விட்ட நல்ல அம்பு. சங்கம் கூட்டுப்பேரம் பேசும் வரை முதலாளிகள் சேர்ந்து போடும் கட்டுப்பாடுகள் தொழிலாளர் சட்டத்தின் நிழலில் வரும், ஏகபோகத் தடைச் சட்டம் தொடாது. ஒப்பந்தம் காலாவதியான பிறகும் அந்த நிழல் நீடிக்கும் என்று 1989-இல் பவல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் நிழலைத் தரும் மரத்தையே வெட்டிவிடலாமே? உடனே, "இனி நாங்கள் யாருக்காகவும் பேரம் பேசவில்லை, வெறும் தொழில்முறை அமைப்பு" என்று அறிவித்தார்கள். 32 வருடம் முன்பு வந்த ராடோவிச் தீர்ப்பு அப்போது உயிர்பெற்றது. சங்கம் இல்லாத இடத்தில் முதலாளிகள் கூடிப் பேசி ஆளைக் கட்டிப்போடுவது வெறும் கூட்டுச்சதி.

அன்று நடப்பில் இருந்தது 'பிளான் பி'. ஒவ்வொரு அணியும் 37 பேரைப் பொத்தி வைத்துக்கொள்ளலாம், மற்றவர்தான் சுதந்திரமாகப் போகலாம். அதாவது தேவைப்படாதவனுக்கு மட்டும் சுதந்திரம்! 1992 செப்டம்பரில் மினியாபொலிஸ் ஜூரி, ஃப்ரீமன் மெக்நீல் வழக்கில், இது சட்டவிரோதம் என்றது. முதலாளிகள் 1993-இல் இறங்கி வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தவர் விரும்பிய அணிக்குப் போகும் ஃப்ரீ ஏஜென்சி வந்தது, சங்கம் மறுபடி சங்கமானது. நட்சத்திர வீரர் ரெஜி வைட் 4 ஆண்டு, 1.7 கோடி டாலருக்கு கிரீன்பே போனார். பதிலுக்கு முதலாளிகள் கேட்டு வாங்கியது சம்பள உச்சவரம்பு: 1994-இல் அணிக்கு 3.46 கோடி டாலர், 2024-இல் 25.54 கோடி.

கேள்வி: 2011-லும் அதே வித்தைதானே? ஏன் அந்த அளவுக்குப் பலிக்கவில்லை?

பதில்: அதே வித்தை, வேறு தடுப்பு. ஆண்டு வருமானம் அப்போது சுமார் 900 கோடி டாலர். செலவுக்கென்று முதலாளிகள் சுமார் 100 கோடியை முதலில் எடுத்துக்கொள்வார்கள், மீதியில் ஏறத்தாழ 60% வீரர்களுக்கு. இன்னும் 100 கோடி எடுக்கவேண்டும், 18 ஆட்டம் வேண்டும் என்றார்கள். மார்ச் 11-இல் சங்கம் கலைந்தது, நட்சத்திர வீரர் டாம் பிரேடி பெயரில் வழக்கு விழுந்தது, மறுநாள் கதவடைப்பு.

முதல் சுற்று வீரர்களுக்கு. ஆட்டமே நடக்காவிட்டாலும் 400 கோடி டாலருக்கு மேல் தொலைக்காட்சிப் பணம் வரும்படி முதலாளிகள் முன்பே ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தார்கள். அது வீரர்களுக்குச் செய்த துரோகம் என்று நீதிபதி டோட்டி தீர்ப்பளித்தார். ஏப்ரல் 25-இல் நீதிபதி சூசன் நெல்சன் கதவைத் திறக்கச் சொன்னார். நான்கே நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஜூலை 8-இல் வந்த தீர்ப்பு விசித்திரமானது: தொழில் தகராறில் நீதிமன்றம் தடையுத்தரவு போடக் கூடாது என்ற 1932-ஆம் வருட நாரிஸ்-லகார்டியா சட்டம் குறுக்கே நிற்கிறதாம். தொழிலாளியைக் காக்க வந்த சட்டம் முதலாளிக்குக் குடை பிடித்தது. ஜூலை 25-இல் சமரசம். ரத்தானது ஒரே ஒரு காட்சி ஆட்டம்.

கேள்வி: 60% இருந்தது 47% ஆச்சுன்னு சொல்றாங்களே, அவ்வளவு பெரிய அடியா?

பதில்: இரண்டும் வேறு வேறு கூடை. உத்தேசமாகப் போட்டுப் பாருங்கள். பழைய முறை: 900-இல் 100 கழித்து, மீதி 800-இல் 60% என்றால் 480 கோடி, அதாவது மொத்தத்தில் 53%. புதிய முறையில் கழிவே இல்லாமல் மொத்தத்தில் குறைந்தது 47%, அதாவது 423 கோடி. அடிதான், ஆனால் 13 புள்ளி அல்ல, 6 புள்ளி.

நிஜமான அடி புதுமுகங்களுக்கு விழுந்தது. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில், 2010-இல் முதலில் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டில் 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உத்தரவாதம். 2011-இல் அதே இடத்தில் தேர்வான கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்கு 2.2 கோடி. பேரம் பேசும் மேசையில் இல்லாதவன் பங்கைத்தான் இரு தரப்பும் முதலில் விட்டுக்கொடுக்கும். உடல்நலப் பக்கம் வீரர்கள் வாங்கியது கனமானது: நாளுக்கு இருமுறை கவசத்தோடு மோதும் பயிற்சி ஒழிந்தது, சீசன் நடுவே அத்தகைய பயிற்சி 14 மட்டும்.

கேள்வி: தகராறு நேரத்தில் வீட்டிலேயே பயிற்சி செய்தால் என்ன ஆபத்து?

பதில்: காயம் யார் கணக்கில் என்பதே ஆபத்து. அணி வளாகத்துக்கு வெளியே பட்ட காயத்தை 'கால்பந்து அல்லாத காயம்' என்று எழுதி, சம்பளத்தை நிறுத்த அணிக்கு உரிமை உண்டு. 2021-இல், தன்னார்வப் பயிற்சிக்குப் போகவேண்டாம் என்று சங்கமே சொல்லியிருந்த நேரத்தில், டென்வரின் ஜவான் ஜேம்ஸ் வெளியே பயிற்சி செய்து குதிகால் நாணைக் கிழித்துக்கொண்டார். அணி அந்தப் பட்டியலில் போட்டுக் கழற்றிவிட்டது. அந்த ஆண்டுக்கு உத்தரவாதமாக இருந்த சுமார் 1 கோடி டாலர் தொங்கலில் விழ, அவர் முறையீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. கதவடைப்பில் மருத்துவக் காப்பீடும் நின்றுவிடும். 2011-இல் பலர் கைக்காசு கட்டித்தான் அதைத் தொடர்ந்தார்கள்.

கேள்வி: இப்போதெல்லாம் தனி வீரர் முகாமுக்கு வந்துவிட்டு, பயிற்சி மட்டும் செய்யாமல் ஓரமாக நிற்கிறாரே, ஏன்?

பதில்: 2020 ஒப்பந்தத்தின் விளைவு. ஒப்பந்தத்தில் உள்ளவர் முகாமுக்கு வராவிட்டால் நாளுக்கு 50,000 டாலர் அபராதம், புதுமுக ஒப்பந்தம் என்றால் 40,000. முன்பு சமரசமானதும் அணி அபராதத்தைத் தள்ளுபடி செய்துவிடும். இப்போது புதுமுக ஒப்பந்தத்தில் இல்லாதவருக்கு அது முடியாது. ஆகவே வருகைப் பதிவு போட்டுவிட்டு "இடுப்பு பிடித்திருக்கிறது" என்று நிற்பதுதான் மலிவு.

ஃப்ரான்சைஸ் டேக், அதாவது ஒப்பந்தம் முடிந்த வீரரை ஓராண்டுச் சம்பளத்துக்கு அணி பிடித்து வைத்துக்கொள்ளும் முறை, வேறு கதை. அதில் கையெழுத்துப் போடாத வரை ஒப்பந்தமே இல்லை, அபராதமும் இல்லை. ஆனால் சம்பளமும் இல்லை. 2018-இல் பிட்ஸ்பர்க் வீரர் லெவியான் பெல், முந்தைய ஆண்டின் 1.212 கோடிக்கு 120% என்ற கணக்கில் வந்த 1.454 கோடியை மறுத்து முழுச் சீசனும் உட்கார்ந்தார். வாரத்துக்கு 8.55 லட்சம் டாலர் இழப்பு. அடுத்த ஆண்டு நியூயார்க் ஜெட்ஸ் அணியில் கிடைத்த 4 ஆண்டு, 5.25 கோடி அந்த ஓட்டையை அடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: அடுத்த மோதல் எப்போது?

பதில்: நடப்பு ஒப்பந்தம் 2030 சீசன் வரை, அதுவரை வேலைநிறுத்தமோ கதவடைப்போ கிடையாது. அதை ஏற்ற வாக்கெடுப்பே 1,019-க்கு 959, வெறும் 60 வாக்கு வித்தியாசம். 17-வது ஆட்டம் அதில் வந்ததுதான். 18-வதைத்தான் முதலாளிகள் இப்போது கேட்கிறார்கள்.

கேள்வி: முதலாளிகள் நிஜமாகவே நஷ்டத்தில் இருந்தால் எப்படித் தெரியும்?

பதில்: 2011-இல் பத்து வருடக் கணக்குப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று சங்கம் கேட்டது, காட்டவில்லை. ஒரு சன்னல் மட்டும் திறந்திருக்கிறது. கிரீன்பே பேக்கர்ஸ் ஊர்மக்களே பங்குதாரர்களாக இருக்கும் அணி, ஆண்டுதோறும் கணக்கை வெளியிடுகிறது. 2024 அறிக்கையில் லீக்கிலிருந்து வந்த பொதுப் பங்கு மட்டும் 40.2 கோடி டாலர். இந்தப் பங்கு எல்லா அணிக்கும் சமம். அந்த அறிக்கை சொல்லும் 2023 சீசனின் உச்சவரம்பு 22.48 கோடியை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு டிக்கெட்கூட விற்காமலே வீரர் சம்பளம் வந்துவிடுகிறது.