கேட்டால் சொல்வேன்: ஆற்றங்கரையில் ஒரு தறவாடு

கேள்வி: குழித்துறைக்குக் கொஞ்சம் மேலே, ஆற்றை ஒட்டி நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாலுகெட்டு வீடு (நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டியது) ஒன்று விலைக்கு வருகிறது. முக்கால் ஏக்கர் பறம்பு (தோட்டம்), படிப்புரை (மதிலோடு சேர்ந்த வாசல் கட்டடம்), அறப்புரை (நெல் சேமிக்கும் கட்டடம்), ஆற்றில் இறங்கக் கல்படி எல்லாம் உண்டு. நான் இருபது வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவன். "தேக்கும் அயனியும்தான், மரத்த வித்தாலே பாதிப் பைசா திரும்பும் சாரே" என்கிறார் புரோக்கர். ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: மரத்தை விற்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். பரளியாற்றுப் பக்கம் எங்கள் பெரியம்மை வீட்டையும் இதே பேச்சைப் பேசித்தான் ஒருவர் வாங்கினார். ஒரே மாதத்தில் தூண், உத்தரம், கழுக்கோல் (கூரையின் சாய்வுச் சட்டம்), பத்தாயம் வரைக்கும் எண் போட்டு லாரியில் ஏற்றிவிட்டார்கள். இப்போது அங்கே தரைக்கல்லும் ஒரு கிணறும்தான் மிச்சம். அந்தக் கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது, அதைக் கழித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

குடியிருக்க வாங்குகிறீர்கள் என்றால், வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஆற்றைப் பாருங்கள். கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போகிறது. மேலே உள்ள அணைகளில் பேச்சிப்பாறைக்கு முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, இரண்டும் நிறைந்து உபரி நீர் திறந்தால் அது உங்கள் கல்படியைத் தாண்டித்தான் போகும். நம் பக்கத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். மாசியில் போய்ப் பார்த்தால் எல்லா ஆறும் அழகுதான், ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று விற்பவரிடம் கேட்காதீர்கள், அக்கம்பக்கத்தில் வயதான அம்மச்சி யாராவது இருந்தால் கேளுங்கள், நடைக்கல்லைத் தொட்டுக் காட்டிச் சொல்லுவார். பழைய ஆட்கள் பெரும்பாலும் மேட்டில்தான் கட்டினார்கள், ஆனால் பின்னால் நீட்டிக் கட்டிய அடுக்களையும் தொழுத்தும் (மாட்டுத் தொழுவம்) தாழ்வில் இருக்கும்.

கல்படி விஷயத்தில் ரொம்ப ஆசைப்படாதீர்கள். ஆற்றை ஒட்டிய பூமியில் சர்வேயரை வைத்துப் புலப்படத்தோடு ஒத்து அளந்தால் படி பாதிக்கு மேல் ஆற்றுப் புறம்போக்கில் இருக்கலாம். அந்தக் கடவில் ஊரே குளித்திருக்கும், ஆடி அமாவாசைக்குப் பலி போட வருகிறவர்களும் இருப்பார்கள். கேட் போட்டுப் பூட்டினால் முதல் வழக்கு அங்கேதான் தொடங்கும்.

அப்புறம் பத்திரம். நான் பயப்படுகிற இடம் இதுதான், ஏனென்றால் 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களான நாம் திருவிதாங்கூர், பிறகு திருக்கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்) என்று இருந்தவர்கள். மூலப் பிரமாணம் (மூலப் பத்திரம்) மலையாளத்தில் இருக்கும், வருடமும் கொல்லம் ஆண்டாக இருக்கும். ஆங்கில வருடத்துக்கு 825 கூட்டிக்கொள்ளுங்கள், சிங்ங மாதத்திலிருந்து (நம் ஆவணி) டிசம்பர் வரைக்கும் என்றால் 824. அதாவது 1105 என்று எழுதியிருந்தால் 1929-30. மலையாளம் படிக்கத் தெரிந்த பழைய வக்கீல் குமாஸ்தா ஒருவரைப் பிடித்து வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள், சுருக்கம் கேட்காதீர்கள். வில்லங்கம் ஆன்லைனில் பொதுவாக 1975-இலிருந்துதான் கிடைக்கும், அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட மனு கொடுக்க வேண்டும். புரோக்கர் 'அதெல்லாம் வேண்டாம்' என்பார். வேண்டும்.

தறவாடு (பரம்பரைக் கூட்டுக்குடும்ப வீடு) என்றால் மருமக்கத்தாயம், அதாவது தாய்வழி வாரிசுரிமை. தாய்வழியில் சொத்து வந்த குடும்பங்களில் தனித்தனியாகப் பாகம் கேட்கிற உரிமை, நாயர்களுக்கு 1925-இலும் நாஞ்சில்நாட்டு வேளாளர்களுக்கு அதற்கு அடுத்த ஆண்டிலும் வந்த சட்டங்களால்தான் வந்தது. அப்போது பாகம் வைத்த பத்திரம் இருக்கிறதா, அதில் இந்த வீடு யார் பங்குக்குப் போனது, அவருடைய வாரிசுகள் யார் யார், எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று ஒரு கிளை விடாமல் பார்க்க வேண்டும். நாலு பேர் விற்கிறேன் என்று வந்து நிற்பார்கள், ஐந்தாவது அக்காவின் மகன் பம்பாயில் இருப்பார். வெளிநாட்டில் இருக்கிறவர் பவர் அனுப்பினால் அது இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றதாக இருக்கட்டும், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வையும் கட்டியிருக்க வேண்டும். பழைய பிரமாணத்தில் ஸ்ரீபண்டாரவகை (திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய நிலம்) என்று கண்ணில் பட்டால் அங்கே நில்லுங்கள், அந்த நிலங்களை ரயத்துவாரியாக (அரசுக்கு நேரடியாக வரி கட்டும் பட்டா நிலமாக) மாற்ற 1964-இல் தனிச்சட்டம் வந்தது, அதன்படி பட்டா வாங்கியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மேலே பேசுங்கள்.

இனி வீடு. அயனியும் பலாவும் தேக்கும் காய்ந்து நின்றால் தலைமுறைகளைத் தாண்டும், பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நடை போனால் தெரியும். நனைந்தால்தான் போச்சு. அதனால் நடுவில் தட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், உத்தரம் சுவருக்குள் நுழைகிற முனையையும் கழுக்கோலின் இறவாரத்து நுனியையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் சிதல் (கரையான்) தின்றிருக்கிறது, அல்லது உளுத்துவிட்டது. மச்சில் ஏறி வெளிச்சம் தெரிகிற ஓடுகளை எண்ணுங்கள், ஒரு உடைந்த ஓடுதான் பிறகு ஒரு உத்தரத்தைத் தின்னும். வெட்டுக்கல் சுவரில் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் அதைத் தட்டி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூச வேண்டும். சிமெண்ட், சுவரில் ஏறுகிற ஈரத்தை வெளியே விடாது. இந்தச் செலவையும், வழிகாட்டி மதிப்புக்கோ வாங்கும் விலைக்கோ எது கூடுதலோ அதற்கு முத்திரை 7, பதிவு 2 என்று 9 சதவீதத்தையும் கூட்டி வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

ஆறும் பத்திரமும் சரி என்றால் வாங்குங்கள். மரம் கொஞ்சம் கெட்டிருந்தாலும் பரவாயில்லை, ஆசாரி மாற்றிக் கொடுப்பார். பத்திரம் கெட்டிருந்தால் எந்த ஆசாரியும் வரமாட்டார்.

கேள்வி: அப்பா 1968-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். கிறிஸ்தவக் குடும்பம். ஆற்றோரம் உள்ள பழைய வீட்டை அண்ணன்மார் இப்போது விற்கிறார்கள். 'சீதனம் வாங்கிப் போனவளுக்குப் பங்கு இல்லை, கையெழுத்தும் வேண்டாம்' என்கிறார்கள். அப்படியா?
- வாசகி, கருங்கல்

பதில்: அவர்கள் சொல்வது 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம். அதில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. சீதனம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் என்று சொல்லிவிட்டது. அப்பா இறந்தது அதற்குப் பிறகு, அதனால் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. நடுவில் நீங்களே பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள், கல்யாண வீட்டு அவசரத்தில் கையெழுத்து வாங்குவது நம் ஊரில் நடந்திருக்கிறது. இல்லையென்றால் விற்பனைக்கு முன்பே வக்கீல் நோட்டீஸ் விடுங்கள், வாங்குகிறவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். விற்ற பிறகு அலைவதைவிட இது எளிது. அண்ணன் முகம் கோணும், தெரிந்துதான் சொல்கிறேன்.

கேள்வி: பழைய வீடு வாங்கிவிட்டோம். கார் உள்ளே போகப் படிப்புரையை இடிக்கலாமா?
- வாசகர், தக்கலை

பதில்: இடிக்காதீர்கள். பக்கத்து மதிலில் பத்தடி திறந்து வழி விடுங்கள். காரைத் திருப்புகிற இடத்தையும் முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்.