மலை நடைக்குத் தண்ணீர்: வாசகர் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் நெடுந்தூர நடைவழியான பீக்கோ நடைபாதையின் 22 கட்டங்களையும் நடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். உறிஞ்சு குழாய் வைத்த தண்ணீர்ப் பை வாங்குவதா, போத்தல் போதுமா? (கம்பளை வாசகர்)

போத்தலே போதும். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் அந்த 300 சொச்சம் கிலோமீற்றரில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடாகவே போகிறது. லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்), கோயில், கடை என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். வாசலில் நின்று தண்ணீர் கேட்டால் இல்லையென்று சொல்லும் வீட்டை நான் இதுவரை கண்டதில்லை. ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நாள் முழுவதற்குமானதைக் காலையிலேயே ஏன் சுமக்க வேண்டும்? ஆளுக்கு ஒரு லீட்டர் போத்தல்கள் இரண்டை முதுகுப்பையின் இரு பக்கமும் செருகிக்கொள்ளுங்கள்.

பையில் ஒரு நன்மை உண்டு: ஏற்றத்தில் நிற்காமலே குடிக்கலாம். ஆனால் எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியாது. குழாயில் காற்று வரும்போதுதான் தீர்ந்துவிட்டது புரியும். நம் மலைகளின் ஈரத்தில் அந்தக் குழாய் உலரவே உலராது, உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கூடவே ஒரு போத்தலும் எடுங்கள். பையில் இனிப்புப் பானம் மட்டும் ஊற்றாதீர்கள்.

தோட்டத்து ஓடைத் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது. கொதிக்கவைத்தால் குடிக்கலாம்தானே? (பதுளை வாசகி)

இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: தேயிலை மலைக்குக் கீழே ஓடும் ஓடையில் குடிக்காதீர்கள். கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும். மழையோடு இறங்கிவரும் களைநாசினியும் உரமும் அப்படியே இருக்கும். குளோரின் குளிசையாலும் அவற்றை அகற்ற முடியாது. தண்ணீரின் தெளிவை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

குடிக்கும் பீலி (ஊற்று நீர் விழும் குழாய்) எது, குளிக்கும் பீலி எது என்பது லயத்து ஆட்களுக்குத் தெரியும். "அக்கா, எந்தப் பீலியில் குடிக்கலாம்?" என்று கேளுங்கள். கேட்பதில் ஒரு குறைவும் இல்லை. பீலித் தண்ணீரையும் கொதிக்கவைத்தே குடியுங்கள். நன்றாகக் குமிழியிட்டு ஒரு நிமிடம் கொதித்தால் போதும்; 2,000 மீற்றருக்கு மேலே மூன்று நிமிடம் விடுங்கள். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையில் கொதிக்கும். அடுப்புக்கு வழியில்லாத இடத்தில், துணியில் வடித்து, குளோரின் குளிசை போட்டு, அரை மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். தண்ணீர் சில்லென்று இருந்தால் இன்னும் கூடுதல் நேரம் விட வேண்டும்.

சிவனொளிபாத மலைக்கு உருக்கு பிளாஸ்க் கொண்டுபோவது வீண் பாரமா?

இல்லை. இரவில் ஏறி, விடியும்வரை உச்சியின் குளிர்காற்றில் உட்கார்ந்திருப்பவருக்கு அரை லீட்டர் சூடான தேநீர் பெரும் துணை. அதோடு ஒரு சாதாரண போத்தல் போதும். டிசம்பர் முதல் மே வரையான பருவத்தில் நல்லதண்ணி வழியில் கடைகள் இருக்கும். மற்ற மாதங்களில் போனால் கடையை நம்பாதீர்கள். தேவையான முழுவதையும் கீழிருந்தே கொண்டுபோங்கள்.

ஹோட்டன் சமவெளிக்குக் கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். ஆனால் வாயிலில் பைகளைச் சோதித்து, போத்தலின் பொலித்தீன் லேபலைக் கழற்றிவிடுவார்கள். நல்ல வழக்கம் அது. 'உலக முடிவு' எனும் செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்துச் சுற்றிவரும் பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். ஒன்றரை லீட்டர் போதும்.

குளிரில் தாகமே எடுப்பதில்லை. எவ்வளவு குடிக்க வேண்டும்? (ஹட்டன் வாசகர்)

மணிக்கு அரை லீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கடும் ஏற்றத்தில் சற்றுக் கூட்டுங்கள். பனிமூட்டத்தில் வியர்வை தெரியாது, ஆனால் உடல் நீரை இழந்துகொண்டேதான் இருக்கும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் உடனே குடியுங்கள். நாள் முழுக்க வியர்த்து, வெறும் தண்ணீரை மட்டுமே அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. உடம்பில் உப்பின் அளவு குறைந்துவிடும். சாப்பாட்டை விடாதீர்கள். முதுகுப்பையில் இரண்டு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பக்கெட் இருக்கட்டும். ஒரு பக்கெட்டுக்குச் சரியாக ஒரு லீட்டர் நல்ல தண்ணீர். அரைப் போத்தலில் கரைத்துவிடாதீர்கள். கரைத்ததை மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.