அணை கட்டினால் ஓடை நீரின் வெப்பம் மாறுமா? மீன்களுக்கு என்ன ஆகும்?

மாறும். கூடுமா குறையுமா என்பது, எந்த ஆழத்திலிருந்து தண்ணீரைத் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தேங்கிய நீரில் மேல்மட்டம் வெயிலில் சூடாகி லேசாகிவிடும். குளிர்ந்த நீர் கனத்து அடியில் தங்கிவிடும். இரண்டும் கலக்காததால் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அடிமதகைத் திறந்தால் ஓடைக்குக் குளிர்ந்த, மீனுக்கு மூச்சுத்திணறும் நீர் போகும். மேலே வழிந்தால் சூடான நீர்.

நம் சிங்கப்பூரில் பனிக்காலம் இல்லாததால் இந்த வெப்ப வித்தியாசம் சில டிகிரிதான். ஆனாலும் அடியில் ஆக்சிஜன் குறையத்தான் செய்கிறது. அதற்காகவே நீர்த்தேக்கங்களில் காற்றூட்டிகள் ஓடுகின்றன.

எனக்குப் பெரிய கவலை, ஓட்டம் நிற்பதுதான். மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டோடைகளில் மரநிழலில், சருகுக்கிடையே வாழும் சிறு மீன்களுக்குத் திறந்த நீர்த்தேக்கம் ஒத்துவராது. அங்கே வெயில், ஆழம், அப்புறம் ஆட்கள் கொண்டுவந்து விட்ட, சிறு மீன்களைத் தின்னும் பீக்காக் பாஸ் மீன் வேறு.