தொலைக்காட்சி இசை, திரையிசைக்கு வெறும் படிக்கட்டுதானா?

இசையமைப்பாளர் லாலோ ஷிஃப்ரினின் வாழ்க்கையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. 1932இல் அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸில் வயலின் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பாரிஸில் பயின்று, அமெரிக்க டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் ஜாஸ் குழுவில் பியானோ வாசித்த அவருக்கு உலகப் புகழ் தேடித் தந்தது, 1966இல் தொடங்கிய ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையே.

வழக்கமான நான்கு தட்டுகளுக்குப் பதில் ஐந்து தட்டுகளில் அமைந்த அந்த இசையை மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள்: அந்த ஐந்து தட்டுகளின் நேரத்தை இரண்டு நீண்ட ஒலிகளும் இரண்டு குறுகிய ஒலிகளும் பகிர்ந்துகொள்கின்றன. எழுத்துகளை நீண்ட, குறுகிய ஒலிகளால் குறிக்கும் மோர்ஸ் தந்திக் குறியீட்டில், தொடர்ப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளான M, I இரண்டும் சேர்ந்து வருவதும் இதே வரிசைதான். அடுத்த தட்டு எப்போது விழும் என்று காது தவிப்பதால், காட்சி தொடங்குமுன்னரே பதற்றம் பிறந்துவிடுகிறது.

சில நொடிகளில் கேட்பவரைக் கட்டிப்போடும் இந்தச் சிக்கனம் திரைப்படத்திலும் அவருக்குக் கைகொடுத்தது. ‘புல்லிட்’ (1968) படத்தின் புகழ்பெற்ற கார் துரத்தலில், வேகம் பிடிக்கும் கணத்தில் இசை நின்றுவிட, அதன்பின் ஒலிப்பது எஞ்சின்களின் உறுமலும் டயர்களின் கிறீச்சொலியும் மட்டுமே. எங்கே நிறுத்துவது என்று அறிவதையே நான் அவருடைய மிகப் பெரிய திறமையாக மதிக்கிறேன். ஆஸ்கருக்கு 6 முறை பரிந்துரைக்கப்பட்டும் போட்டியில் வெல்லாத அவருக்கு, 2018இல் கௌரவ ஆஸ்கர் வழங்கப்பட்டது. 2025 ஜூனில் காலமானார்.