மணாலியில் உறைந்தது, சென்னையில் ஒழுகுகிறது

கேள்வி: அண்ணே, டிசம்பரில் எங்கள் ஹேட்ச்பேக்கில் மணாலி போயிருந்தோம். ஒரு காலையில் முன்கண்ணாடி கழுவ லிவரை இழுத்தால் தண்ணீர் வரவில்லை, சத்தமும் இல்லை. விடாமல் இழுத்துப் பார்த்தேன், பலனில்லை. சென்னை வந்த பிறகும் அப்படியே இருக்கிறது. டேங்க்கை நிரப்பினால் மறுநாள் காருக்கு அடியில் ஈரம். மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? அடுத்து லடாக் போகும் எண்ணம் உண்டு. (வாசகர், பெரம்பூர்)

பதில்: அவசரப்பட்டு மோட்டார் வாங்காதீர்கள் தம்பி. சத்தம் வராதது ஒரு கோளாறு, ஒழுகுவது வேறு கோளாறு. இங்கிருந்து டேங்க்கில் கொண்டுபோன வெறும் தண்ணீர்தான் இரண்டுக்கும் காரணமாக இருக்கும்.

டேங்க்கின் அடிப்பக்கம் ஒரு ரப்பர் வளையத்தில் சின்ன பம்ப் சொருகியிருக்கும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் விசிறி. சுற்றிலும் பனிக்கட்டி இறுகியிருக்கும்போது லிவரை இழுத்தால் விசிறி சுற்ற முடியாது. மோட்டார் கரண்ட்டை இழுத்து இழுத்து ஃபியூஸ் போய்விடும். அதனால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியரில் புதிது போடுங்கள், கூடுதல் ஆம்பியர் வேண்டவே வேண்டாம். பிறகு, தெரு அடங்கிய நேரத்தில் வீட்டில் ஒருவரை லிவரை இழுக்கச் சொல்லி, பம்பர் பக்கம் காதை வையுங்கள். 'ஞொய்' என்று கேட்டால் மோட்டார் நல்லாயிருக்கிறது. கேட்காவிட்டால் பம்ப்பின் பிளக்கைக் கழற்றி டெஸ்ட் லாம்ப் (கரண்ட் வந்தால் எரியும் சின்ன சோதனை விளக்கு) வைத்து, மறுபடி லிவரை இழுக்கச் சொல்லுங்கள். லாம்ப் எரிந்தால் பம்ப் போய்விட்டது. எரியாவிட்டால் ஒயரிலோ சுவிட்சிலோ தேடுங்கள்.

இனி ஒழுகல். தண்ணீர் உறையும்போது பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். நிறைந்த டேங்க்குக்குள் அதற்கு இடம் கிடையாது. ஒன்று ரப்பர் வளையத்திலிருந்து பம்ப்பைத் தள்ளிவிடும், அல்லது டேங்க்கே விரிசல் விடும். பல கார்களில் டேங்க் மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கும். உள்பக்க பிளாஸ்டிக் தட்டியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். வளையம் என்றால் செலவு கொஞ்சம்தான். விரிசல் என்றால் பசை தடவி ஒட்டுவது வீண் வேலை, அந்த பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது. புதிதுக்கு ஜி.பி. ரோடு, பழையதுக்குப் புதுப்பேட்டை. மூடியும் வளையமும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

மோட்டார் ஓடி, ஒழுகலும் இல்லாமல் முன்னால் மட்டும் வரவில்லையா? பின்கண்ணாடிக்கு வருகிறதா பாருங்கள். பல ஹேட்ச்பேக்குகளில் ஒரே பம்ப்தான் திசை மாறிச் சுற்றி இரண்டுக்கும் அனுப்புகிறது. பின்னால் நன்றாக வந்தால் முன்பக்க டியூபையோ நாசிலையோ (தண்ணீர் பீய்ச்சும் துளை) சந்தேகப்படுங்கள். போர் தண்ணீர் ஊற்றும் வண்டிகளில் உப்பு படிந்து நாசில் அடைவது இங்கே வழக்கம். மெல்லிய ஊசி போதும்.

லடாக் பற்றி. இங்கே கிடைக்கும் வாஷர் திரவம் பெரும்பாலும் சோப்புதான். லேபிளில் மைனஸ் எத்தனை டிகிரி வரை என்று போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் கோவிந்தப்ப நாயக்கன் தெரு கெமிக்கல் கடைகளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். மூன்று பங்குக்கு ஏழு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்தால் ஏறத்தாழ மைனஸ் 15 வரை தாங்கும். தீப்பிடிக்கும் பொருள், திறந்த வெளியில் கலக்குங்கள், டிக்கியில் கேன் வைத்து வெயிலில் நிறுத்தாதீர்கள். ரேடியேட்டர் கூலன்ட்டை ஊற்றச் சொல்பவர்களை நம்பாதீர்கள்: கண்ணாடியில் பிசுக்கு அப்பும், அதிலுள்ள கிளைக்கால் விஷம்.

பலரும் விடுவது இதைத்தான்: டேங்க்கில் இருப்பதை மட்டும் மாற்றினால் டியூபில் பழைய தண்ணீர் நிற்கும், முதலில் உறைவது அதுதான். புதுத் திரவத்தின் வாசனை வரும்வரை முன்னும் பின்னும் பீய்ச்சுங்கள். மணாலி தாண்டுவதற்குள் இது முடிந்திருக்க வேண்டும். 2020இல் திறந்த 9.02 கி.மீ. அடல் சுரங்கத்தின் மறுபக்கம் வந்ததும், முன்னால் போகும் லாரி வாரி அடிக்கும் பனிச்சேறு நேரே உங்கள் கண்ணாடியில்தான். அப்போதும் கண்ணாடி சூடாகாமல் பீய்ச்சாதீர்கள், ஆல்கஹால் ஆவியாகி மிச்சத் தண்ணீர் படலமாக உறைந்து பாதையே மறைந்துவிடும். கண்ணாடிக்குச் சூடான காற்று அனுப்பும் டிஃபாகரை முதலில் ஓட விடுங்கள். வெந்நீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், கண்ணாடி வெடித்துவிடும்.