மருந்து விலைக்குத் தகுமா? மாடல் சொல்வதை எவ்வளவு நம்பலாம்: கேள்வி பதில்

கவிதா: ஒரு மருந்துக்கு விலைக்கேற்ற பலன் உண்டா என்று மாடல் (கணினியில் போடும் கணக்கு) போட்டுச் சொல்கிறார்களே சார், அது அறிவியலா, ஜோசியமா?

ஜோசியம் இல்லை, அளந்து பார்த்த முடிவும் இல்லை. மருந்துப் பரிசோதனை பெரும்பாலும் சில வருடத்தில் முடிந்துவிடும். மாடலோ 20 வருடத்துக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். நடுவில் இருப்பதெல்லாம் அனுமானம்தான். 'இப்படி இருந்தால் இவ்வளவு' என்கிறது. அந்த 'இருந்தால்' செய்தியில் வராது, வம்பே அங்குதான்.

ரமேஷ்: சொன்னது பலித்ததா என்று யாராவது பின்னால் பார்த்திருக்கிறார்களா?

பிரிட்டனில் பார்த்தார்கள். மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் நோய்க்கான பீட்டா இன்டர்ஃபெரான், கிளாட்டிராமர் ஊசிகள் விலைக்குத் தகாது என்று, எந்த மருந்து அரசுச் செலவுக்குத் தகும் எனப் பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு 2002இல் கைவிரித்தது. அரசு விடவில்லை, கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. நோயாளிகளைத் தொடர்ந்து கவனிப்பது. மருந்தால் கூடுதலாகக் கிடைக்கும் முழு ஆரோக்கியமான ஒரு வருட வாழ்வுக்கு ஆகும் செலவு 36,000 பவுண்டு என்ற இலக்கைத் தாண்டினால் விலையைக் குறைப்பது. 2009இல் வந்த முதல் முடிவில், மாடல் சொன்னதைவிட நோயாளிகளின் நிலை மோசம். விலையோ குறையவில்லை!

காரணம் ஒப்பீட்டில் இருந்தது. மருந்து எடுக்காதவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதற்குக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துப் பழைய பதிவுகளை வைத்திருந்தார்கள். அதில் ஊனம் ஏறும், இறங்கவே இறங்காது. நிஜத்தில் சிலருக்கு இடையிடையே தேறும். பிறகு, தேறுவதையும் கணக்கில் எடுக்கும், கனடாவின் இன்னொரு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் பதிவுகளுக்கு மாறினார்கள். 2015இல் வந்த ஆறு வருட முடிவு மருந்துக்குச் சாதகம். காலம் கூடியதும் ஒரு காரணம் என்றாலும், யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது தீர்ப்பையே புரட்டக்கூடியது. பாதகமான முடிவு வந்தபின் அளவுகோலை மாற்றினால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் புதிய அளவுகோல்தான் மேல் என்பது என் கருத்து.

பாத்திமா: கம்பெனி காசில் நடந்த ஆய்வை ஒதுக்கிவிடலாமா?

பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2006இல் இப்படி விலைக்கேற்ற பலனைக் கணக்கிட்ட 494 ஆய்வுகளை அலசினார்கள். கம்பெனி காசில் நடந்தவற்றில் சாதகமான விடை வரும் வாய்ப்பு கூடுதல். அதற்காக ஒதுக்க வேண்டாம். மாடலின் கணக்கு இருக்கும் எக்செல் ஃபைலைக் கேளுங்கள், தரமாட்டேன் என்றால் ஒதுக்குங்கள்.

ஜெயராஜ்: வேறு குழு போட்டாலும் அதே விடை வருமா?

பெரும்பாலும் வராது. சர்க்கரை நோய் மாடல் போடுகிறவர்கள் 2000 முதல் 'மவுன்ட் ஹூட்' சந்திப்புகளில் ஒரே மாதிரி நோயாளி விவரத்தை வைத்து அவரவர் மாடலை ஓட்டிப் பார்க்கிறார்கள். விடைகள் எங்கே பிரிகின்றன என்று எல்லார் முன்னாலும் தெரிந்துவிடும். இப்படி ஒரு பரீட்சைக்கு வராத மாடலை நான் பாதிதான் நம்புவேன்.