பலேர்மோ வரப்போகும் தம்பிக்கு

அடுத்த மாதம் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ வருகிறேன், வாடகை எவ்வளவு, வேலை கிடைக்குமா, மாஃபியா ஊர் என்கிறார்களே பயமில்லையா என்று கேட்டிருந்தீர்கள். வாடகை இடத்துக்கு இடம் மாறும். ஒப்பந்தம் எழுதாத அறைக்கு மட்டும் போகாதீர்கள், பிறகு வதிவிடப் பதிவு இழுபடும். நான் வந்த புதிதில் எங்கள் ஆள் ஒருவரே அப்படியொரு அறையைத் தந்து மாதக்கணக்கில் அலைய வைத்தார். வேலையை வந்து பார்க்கலாம். கடைசிக் கேள்விக்குத்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

மாஃபியா என்ற சொல்லை இங்கே பகிடிக்குக்கூட எடுக்காதீர்கள். நீங்கள் வந்து இறங்கும் விமான நிலையத்தின் பெயரே ஃபால்கோனே போர்செல்லினோ. மாஃபியாவை எதிர்த்து நின்ற இரண்டு நீதிபதிகள், இருவரும் இந்த ஊர்ப் பிள்ளைகள். 1992 மே 23 அன்று ஃபால்கோனேயையும் மனைவியையும் மூன்று காவலர்களையும் நெடுஞ்சாலையில் குண்டு வைத்துக் கொன்றார்கள். ஜூலை 19 அன்று போர்செல்லினோவையும் ஐந்து காவலர்களையும் அவருடைய தாய் இருந்த வீட்டு வாசலில் கொன்றார்கள். விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது கபாச்சி அருகே சாலையின் இரு பக்கமும் நினைவுத் தூண்கள் நிற்கும், பாருங்கள்.

நோத்தர்பார்தோலோ வீதியில் ஃபால்கோனே குடியிருந்த வீட்டின் முன்னால் ஒரு பெரிய மரம். அதன் அடிமரம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கடிதங்களும் படங்களும். என் மகளும் சின்ன வயதில் ஒரு படம் வரைந்து ஒட்டினாள். அந்த வீதிக்குப் பெயர் தந்தவரும் சாதாரண ஆளில்லை. ஊரின் முன்னாள் மேயர், சிசிலி வங்கியை நடத்தியவர், 1893இல் ரயிலில் வைத்துக் குத்திக் கொல்லப்பட்டார். மாஃபியாவுக்குப் பலியான முதல் பெரிய மனிதர் என்று அவரைத்தான் சொல்வார்கள். மிலான் பக்கத்து எங்கள் ஆட்கள் சிலர் பலேர்மோவை இளக்காரமாகக் கதைப்பார்கள். இருபது வருடம் இருந்தும் கடைக்காரரோடு நாலு வார்த்தை பேசப் பழகாதவர்கள்தான் அதிகம் சொல்வது. எனக்கு அதைக் கேட்டால் பொறுக்காது.

இந்த ஊர்ப் புனிதர்களில் எனக்குப் பிடித்தவர் புனித பெனெதெத்தோ. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் மகன். இங்கே ஒரு மடத்தில் சமையற்காரர். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனாலும் அந்த மடத்துக்கே தலைவராக்கினார்கள். 1589இல் இறந்தார். 1652இல் ஊர் அவரைத் தன் காவல் புனிதர்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டது. உணவகத்தில் நான் பாத்திரம் கழுவிய காலத்தில், பக்கத்தில் நின்று மீன் வெட்டிய பலேர்மோக்காரர் இந்தக் கதையைச் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது எவ்வளவு தெம்பு தந்தது என்று சொல்லி முடியாது. மொழியைப் பிடித்துக்கொண்டதும் அவரிடம்தான்.

புனித ரொசாலியாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1624இல் கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவர் என்று இவர்கள் கும்பிடும் அந்த மலைக் குகைக்கு எங்கள் சைவ ஆட்களும் விடாமல் போகிறார்கள், உங்களையும் யாராவது கூட்டிப் போவார்கள். பஸ் உண்டு. ஆனால் செப்டெம்பர் 4ஆம் தேதித் திருநாளுக்கு முந்திய இரவு நடந்தே ஏறுங்கள், ஊரே ஏறும். தண்ணீர்ப் போத்தலை மறக்க வேண்டாம்.